ஜப்பானிய ஹாலி

ஜப்பான், கொரியா, சீனா, சகாலின் தீவு ஆகிய இடங்களைத் தாயகமாகக் கொண்ட பசுமைமாறாப் புதர்ச்செடி. ஜப்பானியர் இதை இனுட்சுகே என்பர். தாவரப் பெயர் இலெக்ஸ் கிரெனாட்டா. 1784இல் சுவீடன் நாட்டுத் தாவரவியலாளர் துன்பெர்க் விவரித்தது. ஹாலி என்றதும் முள்விளிம்பு இலையும் சிவப்புக் கனியும் நினைவுக்கு வரும்; இதில் இரண்டும் இல்லை. இலை விரல்நக அளவுதான், கனி கறுப்பு.

பார்வைக்கு பாக்ஸ்வுட் என்ற புதர்ச்செடி போலவே இருக்கும். ஒரு கிளையைக் கையில் எடுத்தால் குழப்பம் தீர்ந்துவிடும்: பாக்ஸ்வுட்டில் இலைகள் எதிரெதிராக அமையும், இதில் மாறிமாறி அமையும், விளிம்பிலும் நுண்ணிய பற்கள் தெரியும். பாக்ஸ்வுட்டைக் கருகல் நோய் தாக்கும் தோட்டங்களில் அதற்கு மாற்றாக நடப்படுகிறது.

இதன் வகைகளில், குட்டையாகப் பரவும் ‘ஹெல்லரி’ வீட்டு முகப்புக்குப் பொருத்தம். ‘ஸ்கை பென்சில்’ ஒடுங்கிய தூணாக வளரும். ஆண், பெண் செடிகள் தனித்தனி. காய்க்க அருகில் ஆண்செடி வேண்டும்.

இடத்தேர்வில்தான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள். சற்றே அமிலத்தன்மையுள்ள, நீர் வடியும் மண் தேவை. சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் நரம்பு பச்சையாகவே இருக்க, இலை மஞ்சளாகும். நீர் தேங்கினால் வேரழுகல் வரும். வாடிய செடியைப் பிடுங்கினால் வேர்நுனிகள் கறுத்திருக்கும். அதற்குப் பின் மருந்து தேடிப் பயனில்லை. நடும்போதே வேர்ப்பந்தின் மேல்மட்டம் தரையைவிடச் சற்று உயர்ந்திருக்க வேண்டும். கத்தரிப்பை நன்கு தாங்கும்.