ஒழுகும் ரேடியேட்டரும் உப்புத் தண்ணீரும்

பழைய அம்பாசிடர் கார் ஒன்றின் ரேடியேட்டர் ஒழுகுகிறது. ஈயம் வைத்து அடைக்கிறார்கள். இரண்டு மாதம் கழித்து வேறொரு மூலையில் ஒழுகுகிறது. அதையும் அடைத்தால், அடுத்துத் தண்ணீர் பம்பு கசிகிறது. வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி வட்டாரத்தில் பழைய கார் வைத்திருப்போர் பலருக்கு இந்தத் தொல்லை தெரியும். அடைக்க அடைக்க ஏன் ஒழுகுகிறது? எஞ்சினைக் குளிர்விக்க மனிதன் கற்றுக்கொண்ட வரலாற்றைப் பார்த்தால் விடை கிடைக்கும்.

எரிபொருளின் ஆற்றலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, எஞ்சினைச் சுற்றியுள்ள நீருக்குள் வெப்பமாகப் போகிறது. 1886-இல் கார்ல் பென்ஸ் காப்புரிமை பெற்ற வண்டியில், இந்நீர் கொதித்து ஆவியாவதன் மூலமே வெப்பம் வெளியேறியது. ஆகவே நீர் விரைவில் தீர்ந்துபோகும். 1888-இல் அவருடைய மனைவி பெர்த்தா பென்ஸ் மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்குச் சுமார் 100 கிலோமீட்டர் அவ்வண்டியை ஓட்டிச் சென்றார். வழியில் தண்ணீர் கிடைத்த இடத்திலெல்லாம் ஊற்றிக்கொண்டே போக வேண்டியிருந்தது.

1900-இல் வில்ஹெல்ம் மேபாக் இதற்கு வழி கண்டார். மெர்சிடிஸ் காருக்கு அவர் அமைத்த தேன்கூட்டு ரேடியேட்டரில் 8,070 சிறு குழாய்கள் இருந்தன. அவற்றின் வழியே காற்று பாய்ந்தது. 9 லிட்டர் நீரே போதுமானதாயிற்று. ஆனால் மெல்லிய தகடுகளும் ஆயிரக்கணக்கான பற்றுகளும் சேர்ந்தபோது, கசிவதற்கான இடங்களும் பெருகின.

பின்னர் அழுத்த மூடி வந்தது. சதுர அங்குலத்துக்கு 7 பவுண்டு கூடுதல் அழுத்தம் தந்தால், நீர் 100 டிகிரிக்குப் பதிலாகச் சுமார் 111 டிகிரி சென்டிகிரேடில்தான் கொதிக்கும். குக்கரின் தத்துவமும் இதுவே. ஆயினும் அந்த அழுத்தம் ஒவ்வொரு பற்றையும் ரப்பர்க் குழாயையும் உள்ளிருந்து தள்ளிக்கொண்டே இருக்கிறது. எஞ்சின் ஆறியபோது தெரியாத ஒழுக்கு, சூடேறியதும் தெரிவது இதனால்தான்.

சுழலும் அச்சைச் சுற்றிக் கசிவை நிறுத்தியதில் தோலுக்கும் பங்குண்டு. ஜெர்மனியின் வைன்ஹைம் நகரில் ஃபிராய்டன்பர்க் என்ற தோல் பதனிடும் நிறுவனம், 1930-களின் தொடக்கத்தில் தோலால் அடைப்பு வளையங்கள் செய்து மோட்டார் தொழிலுக்கு வழங்கியது. பிறகு செயற்கை ரப்பர் தோலின் இடத்தைப் பிடித்தது.

நம் பாலாற்றங்கரையில் தோல் தொழிலுக்கும் கார் ஒழுக்குக்கும் உள்ள தொடர்பு வேறு வகையானது. பச்சைத் தோல் கெடாமலிருக்க உப்பிடுகிறார்கள். பதனிடுமுன் அவ்வுப்பைக் கழுவி நீக்குகிறார்கள். பல்லாண்டுகளாகக் கழிவு நீரோடு சென்ற உப்பு நிலத்தடி நீரில் கலந்தது. 1996 ஆகஸ்டு 28-இல் உச்ச நீதிமன்றம் வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் அளித்த தீர்ப்பு, இவ்வட்டாரத்தில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுமையாகவோ பாழானதைக் குறிப்பிடுகிறது.

பயிரைக் கெடுக்கும் உப்பு காரை விட்டுவிடுமா? பழைய காரின் எஞ்சின் வார்ப்பிரும்பு; ரேடியேட்டர் செம்பும் பித்தளையும்; பற்று ஈயமும் வெள்ளீயமும். வெவ்வேறு உலோகங்களை இணைத்து உப்புக் கரைசலில் வைத்தால் அது ஒரு மின்கலம் என்று நீங்கள் படித்திருப்பீர்கள். அக்கலத்தில் ஓர் உலோகம் அரிக்கப்படும். துருவும் காறையும் மெல்லிய குழாய்களை அடைக்க, எஞ்சின் மேலும் சூடாகும். நீர் ஆவியாகிப் போகும். உப்பு உள்ளேயே தங்கும். குறைந்த அளவுக்கு மீண்டும் ஆழ்துளைக் கிணற்று நீரை ஊற்றினால் உப்பு இன்னும் கூடும். ஒழுக்கு நீரைக் கேட்கிறது. அந்த நீரே அடுத்த ஒழுக்கை உண்டாக்குகிறது!

ஆகவே ஓட்டையை அடைக்குமுன் காரணத்தைத் தேடுங்கள். எஞ்சின் நன்றாக ஆறிய பிறகே மூடியைத் திறக்க வேண்டும். சூட்டில் திறந்தால் கொதிநீர் பீறிட்டு முகத்தைச் சுட்டுவிடும். முதலில் மூடியின் ரப்பரையும் வில்லையும் பாருங்கள். பிறகு, எஞ்சின் ஆறியிருக்கும்போதே கைப்பம்பினால் மூடிக்குரிய அழுத்தத்தை மட்டும் ஏற்றினால், மறைந்த கசிவு புலப்படும். தண்ணீர் பம்பின் அடியிலுள்ள சிறு துளையில் நீர் சொட்டினால், பம்பின் அடைப்பு தேய்ந்துவிட்டது. வெளியே எங்கும் ஒழுகாமல் நீர் குறைந்தால், ரேடியேட்டரில் குமிழிகள் வருகின்றனவா, எஞ்சின் எண்ணெய் பால்போல் வெளுத்திருக்கிறதா என்று கவனியுங்கள். இவை சிலிண்டர் தலைக் கேஸ்கெட் பழுதின் அறிகுறிகள்.

பழுது நீங்கியபின் உள்ளே நன்றாகக் கழுவி, வாலை வடித்த நீருடன் குளிர்விப்புத் திரவத்தைக் கலந்து ஊற்றுங்கள். நம் ஊரில் நீர் உறையாதே, அத்திரவம் எதற்கு என்று கேட்பவர் உண்டு. அதில் அரிப்பைத் தடுக்கும் பொருள்களும் இருக்கின்றன. பெர்த்தா பென்ஸ் வழியில் கிடைத்த நீரையெல்லாம் ஊற்றினார். அவர் வண்டிக்கு அது போதும். பாலாற்றங்கரையில் ஓடும் காருக்கு எந்த நீர் என்பதையும் பார்த்தே ஊற்ற வேண்டும்.