மாளிகையா, நிவந்தமா? நாலந்தா நூலக வரலாற்றில் ஒரு மறுவாசிப்பு

நாலந்தாவில் ஒன்பது நிலை நூலக மாளிகை இருந்தது என்ற செய்தி இன்று ஐயத்துக்கு இடமில்லாததாகவே வழங்குகிறது. தர்மகஞ்சம் என்றொரு பகுதி. அதில் ரத்னசாகரம், ரத்னோததி, ரத்னரஞ்சகம் என மூன்று மாளிகைகள். அவற்றுள் ரத்னோததிக்கு ஒன்பது நிலைகள். இந்த விவரம் ஆய்வுலகில் நிலைபெறப் பெரிதும் காரணமானவர் சதீஷ் சந்திர வித்யாபூஷணர். இடைக்கால இந்தியத் தருக்கவியல் குறித்து 1909இல் அவர் வெளியிட்ட நூலின் பிற்சேர்க்கையில் நாலந்தாவைப் பல்கலைக்கழகம் என்றே கொண்டு, அதன் நூலகத்தை இவ்வாறு காட்டினார். பின்வந்தோர் பலரும் அதையே எடுத்தாண்டனர். மாளிகையிலிருந்து நூலக வரலாற்றைத் தொடங்கும் அந்த வாசிப்பு பொருந்தாது என்பதே இக்கட்டுரையின் வாதம். நாலந்தா நூலகத்தின் முதல் உறுதியான சான்று ஒரு நிவந்தம். அது நூலகக் கட்டடத்தைப் பற்றிப் பேசவில்லை. எழுதும் பணியைப் பற்றிப் பேசுகிறது.

வித்யாபூஷணரின் ஆதாரம் திபெத்திய மரபு. அம்மூன்று மாளிகைகளைப் பற்றிய செய்தி சும்பா கன்போவின் 'பக் சாம் ஜோன் சங்' என்னும் வரலாற்று நூலில் உள்ளது. அது 1748இல் எழுதப்பட்டது. சரத் சந்திர தாஸ் அதை 1908இல் பதிப்பித்தார். நாலந்தாவின் வீழ்ச்சிக்கும் இந்த நூலுக்கும் இடையே ஐந்து நூற்றாண்டுகளுக்கு மேல் உள்ளன. காலத்தால் பிந்தியது என்பதற்காக மட்டும் ஒரு சான்றைத் தள்ளிவிட முடியாது. பழைய மரபுகள் பிந்திய நூல்களில் தங்குவதுண்டு. ஆனால் அந்தச் செய்தியின் உட்கூறுகளே அதன் காலத்தைக் காட்டிக்கொடுக்கின்றன. ரத்னோததியில் பிரஜ்ஞாபாரமிதையும் குஹ்யசமாஜம் முதலிய தாந்திரிக நூல்களும் இருந்தன என்கிறது அது. குஹ்யசமாஜத்தை நூலகத்தின் முதன்மை நூல்களுள் ஒன்றாக எண்ணுவது பாலர் காலத்து வஜ்ரயானச் சூழலுக்கே இயல்பானது. மாளிகை எரிந்த கதையும் துருக்கர் படையெடுப்புக்குப் பின், முதிதபத்திரர் என்பவர் கோயில்களைப் புதுப்பித்த பின் நிகழ்ந்ததாகவே சொல்லப்படுகிறது. ஆக, இந்த மரபு நினைவுகூர்வது நாலந்தாவின் இறுதிக் கட்டத்தை. இதை யுவான் சுவாங் வாழ்ந்த ஏழாம் நூற்றாண்டோடு இணைத்து ஒரே ஓவியமாகத் தீட்டியதுதான் சிக்கல்.

சீனப் பயணியரின் குறிப்புகளை வித்யாபூஷணர் நன்கு அறிந்தவர். ஆனால் மாணவர் தொகையையும் ஆசிரியர் பெருமையையும் அவற்றிலிருந்து எடுத்துக்கொண்ட அவர், நூல்களுக்கு மட்டும் திபெத்திய மரபிடம் சென்றார். யுவான் சுவாங்கின் வரலாற்றை எழுதிய ஹுயிலி நாலந்தாவின் கோபுரங்களையும் நான்கு நிலைத் துறவியர் குடியிருப்புகளையும் நாள்தோறும் பாடம் நிகழ்ந்த நூறு இருக்கைகளையும் விரித்துரைக்கிறார். இருபது நூல்களை விளக்கவல்லார் ஆயிரவர், முப்பதை விளக்கவல்லார் ஐந்நூற்றுவர், ஐம்பதை விளக்கவல்லார் பதின்மர் என்று புலமையையே நூல் கணக்கில் அளக்கிறார். ஒன்பது நிலை நூலகத்தைப் பற்றி அவரிடம் ஒரு சொல்லும் இல்லை. பேசாமை சான்றாகாது என்பது உண்மை. ஆயினும் கட்டடங்களை இவ்வளவு விரும்பி வருணித்தவரின் பேசாமைக்கு ஓரளவு கனம் உண்டு.

இட்சிங் தரும் செய்திகள் இன்னும் பயனுள்ளவை. நாலந்தாவில் பத்தாண்டு அளவில் தங்கி, நானூறு நூல்கள் வரை திரட்டிச் சென்றவர் அவர். மூவாயிரத்துக்கு மேற்பட்ட துறவியர் ஓரிடத்தில் கூடுதல் அரிது என்பதால், ஓதுவார் ஒருவர் மாலைதோறும் பணியாளரும் சிறுவரும் நறும்புகையும் மலரும் ஏந்தி முன்செல்ல, கூடம் கூடமாகச் சென்று மூன்று அல்லது ஐந்து சுலோகங்கள் ஓதி வருவார் என்று அவர் எழுதுகிறார். இதை நாலந்தாவின் அன்றாட வாசிப்பு ஏற்பாடு என்றே கொள்ளலாம். நூலை நாடி ஆள் போகவில்லை. நூல் ஆட்களை நாடி வந்தது. இறந்த துறவியின் உடைமைகளைப் பற்றிய விதிகளையும் இட்சிங் விளக்குகிறார். பௌத்த நூல்களைப் பங்கிடாமல் சங்கத்தார் அனைவரும் வாசிக்கப் பொதுவில் வைக்க வேண்டும். பிற நூல்களை விற்றுவிடலாம். இது இந்திய மடங்களுக்குப் பொதுவான விதி. நாலந்தாவுக்கு மட்டும் உரியதன்று. எனினும் ஒரு தொகுப்பு எவ்வாறு வளர்ந்தது என்பதை இது காட்டுகிறது. துறவியர் தலைமுறை ஒவ்வொன்றும் விட்டுச்சென்ற ஏடுகள் பொதுவுக்கு வந்து சேர்ந்தன.

இனி இக்கட்டுரையின் மையச் சான்று. நாலந்தா முதலாம் மடத்தின் அகழ்வில் 1921இல் ஹிரானந்த சாஸ்திரி பால அரசன் தேவபாலனின் செப்பேடு ஒன்றைக் கண்டெடுத்தார். வித்யாபூஷணர் 1920இலேயே மறைந்துவிட்டார். ஆகவே இதை அவர் பார்த்திருக்க வழியில்லை. அவர் வாசிப்பை மறுக்கும்போது இதை மனத்தில் கொள்வது நேர்மை. அவருக்குப் பின் எழுதியவர்களுக்கு அந்தச் சலுகை இல்லை.

சுவர்ணத்வீபத்துச் சைலேந்திர அரசன் பாலபுத்திரதேவன் நாலந்தாவில் ஒரு விகாரம் எடுப்பித்தான். அவன் தூதுவழி வேண்டியதால், தேவபாலன் ராஜகிருக விஷயத்தில் (மாவட்டத்தில்) நான்கும் கயா விஷயத்தில் ஒன்றுமாக ஐந்து ஊர்களை அளித்தான். அவ்வூர்களின் வருவாய் எவற்றுக்கு என்பதை ஏடு வரிசையாகச் சொல்கிறது: பலி, சரு, சத்திரம்; நாற்றிசைத் துறவியர் சங்கத்துக்கு ஆடை, உணவு, படுக்கை, மருந்து; தர்மரத்தினத்தை, அதாவது பௌத்த நூல்களை, 'எழுதுதல் முதலியன'; இறுதியாக, சிதைந்த விகாரப் பகுதிகளைச் செப்பனிடுதல்.

தமிழ்க் கல்வெட்டுகளில் பழகியவர்க்கு இந்த வரிசையின் பொருள் எளிதில் புலப்படும். முதலாம் பரமேசுவரவர்மனின் கூரம் செப்பேடு மண்டபத்தில் பாரதம் வாசிக்க ஒரு பங்கு வைத்தது. அந்தப் பங்குதான் அங்கே வாசிப்பு ஆண்டுதோறும் தொடர்ந்தது என்பதற்குச் சான்று. மண்டபம் அதற்கு இடமளித்தது, அவ்வளவே. நாலந்தா ஏட்டிலும் எழுதும் பணி உணவு, மருந்து போன்ற தொடர்செலவுகளை அடுத்து நிற்கிறது. கட்டடப் பராமரிப்பு தனியே, அதன் பின்னரே வருகிறது.

இங்கே ஒரு வலுவான எதிர்வாதம் உண்டு. பௌத்தத்தில் நூல் எழுதுவித்தல் புண்ணியச் செயல். பிரஜ்ஞாபாரமிதை ஏடு வழிபடு பொருளும்கூட. எனவே ஏடு சொல்லும் எழுத்து வழிபாட்டுக்கானதே, வாசிப்புக்கானது அன்று எனலாம். இதை முற்றாக மறுக்கச் சான்று போதாது. ஆயினும் இரண்டு காரணங்களால் நான் மாறுபடுகிறேன். முதலாவது, வழிபாட்டுச் செலவுகளான பலியும் சருவும் வரிசையின் தொடக்கத்திலேயே இடம்பெற்றுவிட்டன. எழுத்து அவற்றோடு சேர்க்கப்படவில்லை, துறவியரின் வாழ்க்கைத் தேவைகளை அடுத்துத் தனித் தொடராக நிற்கிறது. இரண்டாவது, 'முதலியன' என்ற ஒட்டு. எழுத்தோடு இணைந்த வேறு பணிகளும் இருந்திருந்தால்தான் அதற்குப் பொருளுண்டு. அஷ்டசாகஸ்ரிகா பிரஜ்ஞாபாரமிதையே எழுதுதலோடு ஓதுதல், வாசித்தல், பிறர்க்களித்தல், வழிபடுதல் ஆகியவற்றையும் சேர்த்தே போற்றுகிறது. அந்த நூலை உயிராகக் கொண்ட மடத்தில், 'எழுதுதல் முதலியன' என்பது இந்தத் தொகுதியையே சுட்டியிருக்கும் என்று கொள்வதே இயல்பு. வழிபாடும் வாசிப்பும் இரு வேறு துறைகள் என்பது நம் காலத்துப் பிரிவினை.

ஏட்டின் ஆண்டு இன்னும் தீரவில்லை. தேவபாலனின் ஆட்சியாண்டை 39 என்றும் 35 என்றும் படித்துள்ளனர். அவன் அரியணை ஏறிய ஆண்டும் உறுதிப்படவில்லை. ஒன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி என்பதற்கு மேல் நெருக்கிச் சொல்வது சான்றை மீறுவதாகும்.

நிவந்தம் செப்பேட்டோடு நின்றுவிடவில்லை என்பதற்குப் பிற்கால ஏடுகள் சாட்சி. பின்வந்த பால அரசன் மகிபாலனின் ஆறாம் ஆட்சியாண்டில் நாலந்தாவில் எழுதப்பட்ட அஷ்டசாகஸ்ரிகா ஏடு கொல்கத்தா ஆசியக் கழகத்திலும், ராமபாலனின் பதினைந்தாம் ஆண்டில் நாலந்தாவிலேயே எழுதப்பட்ட மற்றொன்று ஆக்ஸ்போர்டு பாட்லியன் நூலகத்திலும் உள்ளன. இவை பாலபுத்திரனின் விகாரத்தில்தான் எழுதப்பட்டன என்று சொல்ல முடியாது. ஆனால் நாலந்தாவில் எழுத்துப்பணி தேவபாலனுக்குப் பின் இரு நூற்றாண்டுகளுக்கு மேலும் நடந்தது என்பதை இவை நிறுவுகின்றன.

எரிந்த மாளிகையின் கதைக்கு வரலாற்று அடிப்படை உண்டா? மகிபாலனின் பதினொன்றாம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று, தீயால் சிதைந்த கட்டடத்தைப் பாலாதித்தியன் என்பவன் புதுப்பித்ததைக் குறிக்கிறது. ஆக, துருக்கர் வருகைக்கு ஏறத்தாழ இரு நூற்றாண்டுகளுக்கு முன்பே நாலந்தாவில் ஒரு பெருந்தீ நிகழ்ந்திருக்கிறது. அதன் நினைவே பின்னாளில் ரத்னோததிக் கதையாகத் திரிந்திருக்கலாம். ஆனால் காலவரிசை இதற்கு ஒத்துழைக்கவில்லை. திபெத்திய நூல் தீயைப் படையெடுப்புக்குப் பின்னரே வைக்கிறது. எனவே இதை ஊகமாகவே விடுகிறேன்.

நாலந்தாவில் நூல்களை வைக்கும் கட்டடமே இல்லை என்பது இக்கட்டுரையின் முடிவன்று. ஏடுகள் எங்கேனும் இருந்தாக வேண்டும். அகழ்ந்தெடுத்த மடங்களிலோ கோயில்களிலோ எதையும் ஐயமின்றி நூலகம் என்று சுட்ட இயலவில்லை என்பது மட்டுமே நிலை. 1235ஐ ஒட்டி அங்கே வந்த திபெத்தியத் துறவி தர்மசுவாமின், பெரும்பாலும் சிதைந்த மடங்களுக்கு நடுவே தொண்ணூறு வயதைக் கடந்த ராகுல ஸ்ரீபத்திரர் எழுபது மாணவர்க்குப் பாடம் சொல்வதைக் கண்டார். கட்டடங்கள் சரிந்த பின்னும் ஆசிரியரும் நூலும் மாணவரும் எஞ்சினர். கட்டடத்தை முதலில் வைத்து எழுதும் வரலாற்றில் நாலந்தா தீயோடு முடிந்துபோகிறது. ஓதுவார், எழுதுவார், அவர்களுக்குச் சோறிட்ட ஊர்கள் என்ற வரிசையில் எழுதும் வரலாறே நம் கையிலுள்ள சான்றுகளுக்கு நேர்மையானது. நாலந்தா ஏடுகளின் இறுதிக் குறிப்புகளை இந்தச் செப்பேட்டோடு வரிசைப்படுத்தி ஆராய்வதே இனி ஆற்றவேண்டிய பணி.