ஒரு யெஸ்டி, இரண்டு சைலன்சர், கையில் நாலாயிரம் ரூபாய்

போன முறை சங்ககிரி கோட்டை பற்றி எழுதினேன். இந்த முறை எங்கள் வீட்டு மாட்டுக் கொட்டகையில் கிடந்த ஒரு வரலாற்றுச் சின்னத்தைப் பற்றி. சிரிக்காதீர்கள், நிஜமாகவே வரலாறுதான்!

எங்கள் அப்பாரு 1984-ல் வாங்கிய யெஸ்டி மோட்டார் சைக்கிள் அது. நாமக்கல் மாவட்டம் என்று ஒன்று உருவானதே 1997-ல்தான். அதனால் வண்டியின் பழைய ஆர்.சி. புத்தகத்தில் சேலம் மாவட்டம் என்றே இருக்கும். நாலு வருடம் ஓடாமல் நின்றிருந்தது. நான் கிளப்பியபோது ராசிபுரம் வரை கேட்டிருக்கும், அப்படி ஒரு சத்தம். இடது சைலன்சரின் அடிப்பக்கம் முழுக்க துருவேறி ஓட்டை. வலது சைலன்சர் கரி அடைத்துப் போயிருந்தது.

"பேசாம பேரீச்சம்பழத்துக்குப் போட்டுரு" என்றார் அப்பா. பதிவு முடிய ஒன்றரை மாதம்தான் இருந்தது. பதினைந்து வருடம் தாண்டிய வண்டிக்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும், வண்டியை நேரில் காட்ட வேண்டும், புகைச் சான்றிதழும் வேண்டும். இந்தச் சத்தத்தோடு போனால் கேட்டிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். என் கையில் இருந்தது சேர்த்து வைத்த நாலாயிரம் ரூபாய். அதற்குள் முடிந்தால் வண்டி வீட்டில் இருக்கும், இல்லாவிட்டால் எடைக்குப் போய்விடும். இதுதான் ஒப்பந்தம்.

முதல் தவறு

எல்லோரும் செய்யும் தவறைத்தான் நானும் செய்தேன். ஒரு கடையில் போய், குறைந்த விலையில் ஏதாவது சைலன்சர் இருக்கிறதா என்று கேட்டேன். புல்லட்டுக்குப் போடுகிற மாதிரி குட்டையான குழாய் ஒன்றைக் காட்டினார்கள். மாட்டிப் பார்க்கலாம் என்று எடுத்து வந்து, இடது பக்கம் கட்டி ஓட்டினேன். சத்தம் இன்னும் கூடியது. மேடு வந்தால் வண்டி இழுக்கவே இல்லை. பெட்ரோலையும் தண்ணீர் மாதிரி குடித்தது.

எங்கள் ஊர் மெக்கானிக் ஒருவர், அறுபது வயதைத் தாண்டியவர், பார்த்துவிட்டுச் சிரித்தார். "ஏங்கண்ணு, இது டூ ஸ்ட்ரோக் வண்டியாச்சே. இதுல சைலன்சரும் இஞ்சின்ல ஒரு பாகந்தான். கண்டதையும் மாட்டுனா ஓடுமா?"

சைலன்சர் எப்படி இஞ்சினின் பாகமாகும்? வீட்டுக்கு வந்து தேட ஆரம்பித்தேன். அந்தத் தேடலில்தான் இந்தக் கட்டுரை பிறந்தது.

சைலன்சரின் கதை

இஞ்சினுக்குச் சத்தம் அடக்கும் குழாய்க்கு முதலில் காப்புரிமை வாங்கியவர்கள் என்று பொதுவாகச் சொல்லப்படுபவர்கள் அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தைச் சேர்ந்த மில்டன் ரீவ்ஸ், மார்ஷல் ரீவ்ஸ் என்ற சகோதரர்கள். ஆண்டு 1897. வெடித்து வெளியே வரும் புகையை ஒரு பெரிய அறைக்குள் விட்டு, விரிய வைத்து, வேகத்தைக் குறைத்து, சின்னச் சின்ன துளைகள் வழியே அனுப்பினால் சத்தம் அடங்கும். இன்றைக்கும் அடிப்படை அதுதான். யெஸ்டி சைலன்சரின் வால் பக்கம் ஒரு போல்ட்டைக் கழற்றினால், துளைகள் போட்ட உள்குழாய் ஒன்று வெளியே வரும். அதற்குப் பெயர் பேஃபிள்.

நான்கு ஸ்ட்ரோக் இஞ்சினில் புகை போகும் வழியைத் திறந்து மூட வால்வு இருக்கிறது. டூ ஸ்ட்ரோக்கில் வால்வு கிடையாது. பிஸ்டன் கீழே இறங்கும்போது சிலிண்டர் சுவரில் உள்ள வாயில் தானாகத் திறக்கும். எரிந்த புகை வெளியே ஓடும் அதே நேரத்தில் புதிய பெட்ரோல் கலவையும் உள்ளே வருகிறது. பின்னால் வந்ததும் முன்னால் போனதைப் பிடித்துக்கொண்டு வெளியே ஓடப் பார்க்கும். அதைத் தடுத்து உள்ளே தள்ளுவது, சைலன்சருக்குள் மோதித் திரும்பும் அழுத்த அலை. குழாயின் நீளம், அகலம், துளைகளின் அளவு மாறினால் அந்த அலை திரும்பும் நேரமும் மாறிவிடும். நான் வாங்கிய குட்டைக் குழாயில் நடந்தது இதுதான்.

இந்த அலையைக் கணக்குப் போட்டு வசப்படுத்தியவர் வால்டர் காடன். 1950-களில் கிழக்கு ஜெர்மனியின் எம்.இசட். கம்பெனியில் பந்தய வண்டிகளை உருவாக்கியவர். அந்தக் கம்பெனியின் பந்தய வீரர் எர்ன்ஸ்ட் டெக்னர், 1961-ல் பெர்லின் சுவர் எழும்பிய அடுத்த மாதம், ஸ்வீடனில் நடந்த பந்தயத்தின்போது தப்பி ஓடினார். அவர் போய்ச் சேர்ந்த இடம் ஜப்பானின் சுசுகி. மறு வருடமே 50 சிசி பிரிவில் சுசுகி வண்டியில் உலக சாம்பியன் ஆனார். ஒரு சைலன்சர் ரகசியத்துக்குப் பின்னால் இவ்வளவு பெரிய சினிமாக் கதை!

யெஸ்டியில் அந்த அளவுக்குப் பந்தய நுணுக்கம் கிடையாது. ஆனாலும் மெக்கானிக் சொன்னது சரி. சைலன்சரின் அளவை மாற்றக் கூடாது.

பிராக் முதல் மைசூர் வரை

பிராக் நகரில் ஆயுதத் தொழிற்சாலை வைத்திருந்தவர் ஃபிரான்டிசெக் யானெசெக். 1929-ல் ஜெர்மனியின் வாண்டரர் கம்பெனியிடமிருந்து மோட்டார் சைக்கிள் செய்யும் உரிமையை வாங்கினார். தன் பெயரின் முதல் எழுத்தையும் வாண்டரரின் முதல் எழுத்தையும் சேர்த்து 'ஜாவா' என்று பெயர் வைத்தார். இரண்டாம் உலகப் போரில் நாஜிகளின் பிடியில் இருந்தபோதே ரகசியமாக ஒரு புது 250 சிசி வண்டியை வடிவமைத்தார்கள். போர் முடிந்ததும் 1946-ல் அது வெளிவந்தது. அதன் வழியில் வந்ததுதான் 1954-ன் 353 மாடல். ஒரே சிலிண்டர், 248.5 சிசி, ஆனால் புகை போக முன்பக்கம் இரண்டு வாயில்கள், இரண்டு பக்கமும் சுருட்டு மாதிரி நீளமாக இரண்டு சைலன்சர். (என் பட்ஜெட்டில் விழுந்த இடி இதுதான். மற்ற வண்டிக்காரனுக்கு ஒரு செலவு, எனக்கு இரண்டு!)

1950-களில் மும்பையில் இந்த வண்டிகளை இறக்குமதி செய்து விற்றவர் ருஸ்தம் இரானி. அரசு இறக்குமதியை இறுக்கியதும், இங்கேயே செய்வது என்று முடிவானது. மைசூர் யாதவகிரியில் ஐடியல் ஜாவா தொழிற்சாலை உருவாகி, 1961-ல் வண்டிகள் வெளியே வந்தன. 1970-களில் ஜாவா பெயர் போய் 'யெஸ்டி' வந்தது. இரானிய நகரமான யஸ்து பெயரிலிருந்து வந்தது என்பார்கள். கிக்கரையே முன்னால் மடக்கினால் கியர் லிவர் ஆகிவிடும், அந்த அதிசயம் மட்டும் மாறவில்லை.

பிறகு 1984-ல் நம் ஓசூரிலிருந்து டி.வி.எஸ். குழுமத்தின் இண்ட்-சுசுகி வந்தது. ஆமாம், டெக்னர் போய்ச் சேர்ந்த அதே சுசுகிதான்! மறு வருடம் ஹீரோ ஹோண்டாவும் யமஹா ஆர்எக்ஸ் 100-ம் வந்தன. எடை குறைவு, மைலேஜ் அதிகம். புகைக் கட்டுப்பாட்டு விதிகளும் 1991, 1996 என்று இறுகிக்கொண்டே வந்தன. 1996-ல் மைசூர் தொழிற்சாலை மூடப்பட்டது.

ஜாவா 2018-லும் யெஸ்டி 2022-லும் புது கம்பெனி வழியாகத் திரும்பி வந்தன. புது ஜாவாவுக்கும் ஒரே சிலிண்டர், இரண்டு சைலன்சர்தான். பழைய ஞாபகத்துக்காக! ஆனால் அது நான்கு ஸ்ட்ரோக். அதன் சைலன்சர் எங்கள் வண்டிக்குப் பொருந்தாது. ஆகவே 1996-க்குப் பிறகு அப்பாரு மாதிரி வண்டி வைத்திருந்தவர்களுக்குக் கம்பெனி என்று ஒன்று இல்லை. பழைய ஸ்டாக், சென்னை புதுப்பேட்டை, பழைய இரும்புக் கடை, உள்ளூர் பட்டறை, இவைதான் கம்பெனி.

நாமக்கல் கைவண்ணம்

இந்த விஷயத்தில் நம்ம பக்கத்துக்காரர்கள் கொடுத்து வைத்தவர்கள். நாமக்கல்லுக்கு லாரி சேசிஸ் வெறும் எலும்புக்கூடாக வரும். கேபின், பாடி எல்லாம் இங்கே பட்டறையில்தான் ஏறும். டேங்கர், டிரெய்லர், திருச்செங்கோட்டில் போர்வெல் ரிக் என்று தகடு வளைத்து வெல்டு வைக்கத் தெரிந்த கைகள் தலைமுறை தலைமுறையாக இங்கே உண்டு. இப்போது பல லாரிகள் கேபினோடேயே கம்பெனியிலிருந்து வருவதால் சின்னப் பட்டறைகளுக்கு அந்த வேலை முன்போல இல்லை. அப்படி லாரி வேலையை விட்டுவிட்டு, கேட்டும் ஜன்னலும் செய்துகொண்டிருந்த ஒரு மேஸ்திரியிடம்தான் மெக்கானிக் என்னை அனுப்பினார்.

புது ஜோடி சைலன்சர் விசாரித்தேன், என் பட்ஜெட்டைத் தாண்டிவிட்டது. பழைய இரும்புக் கடையில் ஒரு யெஸ்டி சைலன்சர் கிடைத்தது. வால் நசுங்கியிருந்தது, உடம்பு நன்றாக இருந்தது. 900 ரூபாய். எங்கள் இடது சைலன்சரில் வால் நன்றாக இருந்தது, உடம்பு போயிருந்தது. இரண்டையும் வெட்டி ஒன்றாக்குவது என்று முடிவு. வெட்டுவதற்கு முன் வலது சைலன்சரை அளந்து, நீளம், விட்டம், துளைகளின் எண்ணிக்கை எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டேன். அலைக் கதையைப் படித்ததால் வந்த புத்தி!

அடுத்து கரி. டூ ஸ்ட்ரோக்கில் பெட்ரோலோடு ஆயிலும் சேர்ந்து எரிவதால் சைலன்சருக்குள் கரி படியும். காஸ்டிக் சோடா கரைசலை ஊற்றி, வாயை அடைத்து, ஒரு இரவு வைத்தோம். செய்ய நினைப்பவர்கள் கவனியுங்கள். கையுறை, கண்ணாடி கட்டாயம். தண்ணீரில்தான் சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும், சோடாவின் மேல் தண்ணீர் ஊற்றக் கூடாது. அலுமினியப் பாகங்கள் பக்கம் கொண்டு போகவே கூடாது, தின்றுவிடும். குரோம் பூச்சு உள்ள இடத்தில் வெல்டு வைத்தால் வரும் புகையும் விஷம். மேஸ்திரி அந்த இடத்தைச் சுரண்டி எடுத்துவிட்டு, வெளியே காற்றோட்டத்தில் வைத்துத்தான் பற்ற வைத்தார்.

உள்ளே இருந்த பேஃபிள் அப்பளம் மாதிரி நொறுங்கியது. அதற்கு எவர்சில்வர் குழாய்த் துண்டு ஒன்றை வாங்கினோம். 1981 முதல் எவர்சில்வர் தகடு செய்யும் உருக்காலை இருக்கிற சேலத்துக்காரனுக்கு இது ஒரு சின்ன பெருமை. பழையதில் எத்தனை துளையோ அத்தனை துளை, அதே அளவு.

ஏன் அடிப்பக்கம் மட்டும் துருப்பிடித்தது என்று மேஸ்திரியிடம் கேட்டேன். "தண்ணிங்க தம்பி" என்றார். உண்மைதான். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் கிட்டத்தட்ட ஒரு லிட்டர் அளவுக்குத் தண்ணீர் ஆவியாக வெளியேறுகிறது. கடைசி வருடங்களில் வண்டி பால் சொசைட்டிக்குப் போய் வருவதோடு சரி. சைலன்சர் நன்றாகச் சூடாவதற்குள் வீடு வந்துவிடும். தண்ணீர் உள்ளேயே தங்கி அடிப்பக்கத்தை அரித்துவிட்டது.

குரோம் பூச்சு போட ஆசைதான். காசு இடம் கொடுக்கவில்லை. சூடு தாங்கும் வெள்ளிப் பெயிண்ட் அடித்தோம். கணக்கு இதோ:

பழைய சைலன்சர் 900
வெட்டி வெல்டு வைத்தது 700
எவர்சில்வர் குழாய், துளை போட்டது 250
கேஸ்கட் வளையங்கள் 120
கிளாம்ப், போல்ட் 80
பெயிண்ட் 350
காஸ்டிக் சோடா 60
மெக்கானிக் கூலி 800
மொத்தம் 3,260 ரூபாய்

முதலில் வாங்கிய குட்டைக் குழாயைக் கடையில் திருப்பி எடுத்துக்கொண்டதால் தப்பித்தேன். மீதி 740 ரூபாய் பெட்ரோலுக்கும் ஆயிலுக்கும் சரியாகப் போனது.

கடைசியாக

சத்தம் கம்பீரமாக இருக்கட்டும் என்று பேஃபிளைக் கழற்றி எறியும் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. ஒவ்வொரு வண்டிக்கும் சைலன்சர் கட்டாயம் என்று 1989-ன் மத்திய மோட்டார் வாகன விதிகள் சொல்கின்றன. 2019 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு ஒலி மாசுக்கு 10,000 ரூபாய் வரை அபராதம் போட இடமிருக்கிறது. அது என் மொத்தச் செலவைப் போல மூன்று மடங்கு!

வண்டியை மாட்டி முடித்து, ராசிபுரத்திலிருந்து நாமக்கல் வரை ஓட்டிப் போய் வந்தேன். மேட்டில் இழுத்தது. புகைச் சான்றிதழ் கிடைத்தது, பதிவும் ஐந்து வருடத்துக்கு நீட்டிக் கிடைத்தது. இதை எழுத உட்காரும் வரை வரலாறு என்றால் ராஜா, போர், கோட்டை என்றுதான் நினைத்திருந்தேன். ஒரு குழாய் ஏன் அந்த நீளத்தில் இருக்கிறது என்பதற்கும் வரலாறு உண்டு, அது தெரியாமல் போனதால் குட்டைக் குழாயில் ஏமாந்தேன், தெரிந்த பிறகு 3,260-ல் முடித்தேன்.

வீட்டுக்கு வந்து வண்டியை நிறுத்தியபோது அப்பாரு திண்ணையில் உட்கார்ந்திருந்தார். டிவி சத்தமே அவருக்குச் சரியாகக் கேட்காது. கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்டார். "இடது பக்கம் நட்டுகிட்ட லேசா ஒழுகுதுடா" என்றார். குனிந்து பார்த்தேன். சூடேறியதில் நட்டு தளர்ந்திருந்தது. மெக்கானிக்கிடம் கொக்கி ஸ்பேனர் வாங்கி வந்து அரைச் சுற்று இறுக்கினேன்.

பேரீச்சம்பழம் பற்றி அப்பா இப்போது பேசுவதில்லை. நேற்று காலையில் சாவியைக் காணோம். பார்த்தால் பால் சொசைட்டிக்கு அவரே எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். சைலன்சர் சூடாகிற மாதிரி கொஞ்சம் சுற்றி வாங்க என்று சொல்லியிருக்கிறேன்!

உங்கள் வீட்டுக் கொட்டகையிலும் ஜாவா, யெஸ்டி, ராஜ்தூத் ஏதாவது தூங்கிக்கொண்டிருந்தால் எழுதுங்கள். அடுத்த கட்டுரையில் சந்திப்போம்.