ஆழிப்பேரலை முதல் அத்திபெலே வரை: மக்கள் வரைந்த பேரிடர் வரைபடங்கள்

பேரிடர்க் காலத்தில் மக்களே கணினிவழி ஒன்றுகூடித் தகவல் திரட்டும் வழக்கத்துக்கு, நம் பகுதியில் 2004 டிசம்பர் 26-ஐத் தொடக்கமாகக் கொள்ளலாம். ஆழிப்பேரலை அடித்த சில வாரங்களுக்குள் இலங்கை மென்பொருள் வல்லுநர்கள் தன்னார்வமாக ‘சஹானா’ என்ற கட்டற்ற மென்பொருளை எழுதினர். காணாமற்போனோர், முகாம்கள், உதவி அமைப்புகள் எல்லாம் அதில் பதிவாயின. அலை ஓய்ந்தபின் எழுதிய கணக்கு அது. அந்தக் கணக்கு அடுத்த 20 ஆண்டுகளில் பேரிடரின் பின்னாலிருந்து மெல்ல முன்னால் நகர்ந்து வந்திருக்கிறது.

2008 தொடக்கத்தில் கென்யத் தேர்தல் வன்முறை பற்றிய தகவல்களைக் குறுஞ்செய்திவழி பெற்று வரைபடத்தில் குறித்தது ‘உஷாஹிதி’ என்ற இணையதளம். 2010 ஜனவரியில் ஹைட்டி நிலநடுக்கத்துக்குப் பின், செயற்கைக்கோள் படங்களைப் பார்த்தே பல நாட்டுத் தன்னார்வலர்கள் அந்நாட்டுத் தலைநகரின் தெருக்களை எவரும் வரையக்கூடிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற இணைய வரைபடத்தில் வரைந்தனர்.

தமிழகத்தின் முறை 2015-இல் வந்தது. டிசம்பர் 1 அன்று தாம்பரத்தில் ஏறக்குறைய 49 செ.மீ. மழை. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி திறந்துவிடப்பட, அடையாறு கரைமீறியது. மேப்பாக்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த அருண் கணேஷ் உருவாக்கிய வெள்ள வரைபடம் மக்களிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: தண்ணீர் நிற்கும் தெருவைத் தொடுங்கள். தொட்ட தெரு நிறம் மாறும். தகவலின் அலகு தெருவாகச் சுருங்கியதே இவ்வரலாற்றின் பெரிய திருப்பம் என்பேன். ‘வேளச்சேரியில் வெள்ளம்’ என்ற செய்தியை வைத்துக்கொண்டு படகுக்காரர் என்ன செய்வார்? எந்தக் குறுக்குத்தெரு என்பதல்லவா அவருக்கு வேண்டும்!

ஆனால் மின்சாரமும் செல்பேசிச் சேவையும் செத்துப்போன இடங்களில் குறிப்பதற்கு ஆளில்லை. நிறம் மாறாத தெருவெல்லாம் காய்ந்த தெரு என்று எண்ணியவர் ஏமாந்திருப்பார். போதாததற்கு, மீட்கப்பட்டவர்களின் பழைய கோரிக்கைகள் வாட்ஸ்அப்பில் ஓயாமல் சுற்றின. 2018 கேரள வெள்ளத்தில் ‘கேரளா ரெஸ்க்யூ’ தளத் தன்னார்வலர்கள் கோரிக்கை அனுப்பியவர்களைத் திரும்ப அழைத்து, நிலவரம் கேட்டு, உறுதிசெய்தனர். குறிப்பைத் திறப்பதைப் போலவே மூடுவதும் வேலைதான் என்று அங்கேதான் தெளிவாயிற்று.

மக்கள்வழிப் பரவும் தகவலின் மறுபக்கமும் பெங்களூருக்குத் தெரியும். 2012 ஆகஸ்டில் குறுஞ்செய்தியிலும் சமூக ஊடகத்திலும் பரவிய வதந்திக்கு அஞ்சி, வடகிழக்கு மாநிலத்தவர் ஆயிரக்கணக்கில் ரயிலேறினர். மொத்தமாக அனுப்பும் குறுஞ்செய்திகளுக்கு மத்திய அரசு தற்காலிகத் தடை போட்டது. வரைபடத்தின் மீதும் அரசுக்கு அச்சம் இருந்தது. 2016-இல் வெளியான புவித்தகவல் சட்ட வரைவு, உரிமம் பெறாமல் வரைவோருக்கு 100 கோடி ரூபாய் வரை அபராதம் பேசியது. எதிர்ப்பால் அது கிடப்பில் போனது. 2021 பிப்ரவரியில்தான் கட்டுப்பாடுகள் தளர்ந்தன.

இப்போது அத்திபெலேக்கு வருவோம். கர்நாடகத்தின் கடைசி ஊர்; கூப்பிடு தூரத்தில் தமிழ்நாட்டு எல்லை. தீபாவளி நெருங்கினால் நெடுஞ்சாலையோரப் பட்டாசுக் கடைகளுக்குப் பெங்களூரே திரண்டு வரும். 2023 அக்டோபர் 7 பிற்பகலில் அங்கே ஒரு கடையில் வண்டியிலிருந்து சரக்கு இறக்கும்போது தீப்பற்றியது. முதலில் 14 பேர் இறந்ததாகச் செய்தி. சிகிச்சையில் இருந்தவர்களிலும் சிலர் பின்னர் இறந்தனர். இறந்தவர்களில் பெரும்பாலோர் பண்டிகைக்கால வேலைக்கு வந்திருந்த தமிழ்நாட்டு இளைஞர்களே.

தீயின் காணொளிகள் உடனே பரவின. சில நிமிடங்களில் எல்லாம் முடிந்துபோகும் இத்தகைய விபத்தில் அவற்றால் யாரைக் காப்பாற்ற முடியும்? முன்கூட்டி வரைவதற்கும் வழி உண்டு. செஞ்சிலுவை அமைப்புகளும் எல்லையற்ற மருத்துவர்கள் அமைப்பும் 2014-இல் தொடங்கிய ‘மிஸ்ஸிங் மேப்ஸ்’ திட்டம் செய்வது அதைத்தான். ஆனால் மேலிருந்து எடுத்த படத்தில் கடையின் கூரைதான் தெரியும். உள்ளே எவ்வளவு சரக்கு, எத்தனை வெளியூர்ப் பையன்கள், பின்வாசல் உண்டா என்பதெல்லாம் சுமை இறக்குவோருக்கும் பக்கத்து டீக்கடைக்கும் தெரிந்த சேதி. உரிமக் கோப்பு கர்நாடக அலுவலகத்தில். வேலையாட்களின் குடும்பம் எல்லைக்கு அப்பால். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்புக்கு மட்டும் மாநில எல்லை ஒரு கோடுதான்.

சரக்கிருப்பைப் பொதுவெளியில் போட்டால் திருட்டுக்கும் மிரட்டலுக்கும் வழி திறக்கும். அதனால் ஊரார் சொல்ல, நகராட்சியும் தீயணைப்புத் துறையும் பூட்டி வைத்துக்கொள்ளும் தனி அடுக்காக அது இருப்பதே சரி. அதுவும் பருவகால அடுக்கு. தீபாவளி முடிந்து கடை காலியானதும் குறியை அழிக்கும் பொறுப்பை யாரிடம் கொடுப்பது என்பதற்கு, கேரளத்தில் திரும்ப அழைத்த அந்தத் தன்னார்வலர்களைத் தவிர முன்மாதிரி அதிகமில்லை.