வாடகைக் காரும் கேமரா அபராதமும்

திருவண்ணாமலை கிரிவலப் பாதையிலுள்ள அடி அண்ணாமலைக்கு வாடகைக் காரைத் தாமே ஓட்டி வருவோர் உண்டு. கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து இக்கார்களின் அடையாளம். இவற்றுக்கு வழிசெய்தது 1989ஆம் ஆண்டின் வாடகைக் கார் திட்டம்.

காவலர் நேரில் நிறுத்தியபோது ஓட்டியவரே பிடிபட்டார். கேமராவோ வண்டி எண்ணைக் கொண்டே உரிமையாளரைத் தேடுகிறது. 2019ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம் இக்கண்காணிப்புக்கு இடமளித்தது. 2021இல் சேர்ந்த 167அ விதி, 15 நாட்களுக்குள் அறிவிப்பு அனுப்ப வேண்டும் என்றது.

அறிவிப்பு உரிமையாளருக்கே செல்லும். ஆனால் 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 133ஆம் பிரிவுப்படி, காவல்துறை கேட்டால் ஓட்டியவரின் பெயர், முகவரி, உரிம விவரங்களை அவர் தர வேண்டும். ஆகவே, காரை எடுத்த நேரமும் திருப்பித் தந்த நேரமும் குறித்த வாடகைச் சீட்டைப் பத்திரப்படுத்துக. பிறர் செய்த தவறு நம் தலையில் விழாமல் காப்பது அதுவே.