கைமாறிய ஜீப்புகள்

ஜிர்காடாங் சோதனைச் சாவடியில் விடிவதற்கு முன்பே வண்டிகள் வரிசை கட்டிவிடும். தெற்கு அந்தமானிலிருந்து தரைவழியாக வடக்கே போகிற எல்லோருக்கும் வழி அது ஒன்றுதான். அதற்கு அப்பால் ஜராவா பழங்குடியினரின் காப்புக்காடு. கதவு திறந்ததும் காவல்துறை வண்டியின் துணையோடு மொத்தக் கூட்டமும் ஒன்றாகக் கிளம்பும். வழியில் நிற்கக்கூடாது, முந்தக்கூடாது, படம் எடுக்கக்கூடாது, 40 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டக்கூடாது. காட்டைக் கடந்து மிடில் ஸ்ட்ரெயிட் வந்தால் சாலை முடிந்து கடல் குறுக்கிடும். எதிர்க்கரையில் தெரிவதுதான் பாராடாங்.

போர்ட் பிளேரிலிருந்து (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) சுற்றுலாப் பயணிகளை ஏற்றி வந்த வாடகைக் கார்களில் பெரும்பாலானவை மிடில் ஸ்ட்ரெயிட் கரையிலேயே நின்றுவிடுகின்றன. வந்தவர்கள் மட்டும் படகேறி நிலம்பூர் துறையில் இறங்குகிறார்கள். சுண்ணாம்புக் குகைக்குப் போகிறவருக்கு அலையாத்திக் காட்டின் நடுவே விசைப்படகு இருக்கிறது. சேற்று எரிமலைக்குப் போகிறவருக்கு உள்ளூர் வண்டிதான் கதி. பளபளக்கும் கார் அக்கரையில் ஓய்வெடுக்கும்போது, இக்கரையில் கதவு இறுக்கமில்லாத, சீட்டு கிழிந்த ஜீப்புக்கு மரியாதை வந்துவிடுகிறது. காலையில் பயணிகளை ஏற்றுகிற வண்டியே மற்ற நேரத்தில் அரிசி மூட்டைக்கும் ஆஸ்பத்திரி அவசரத்துக்கும் ஓடியாக வேண்டும். தீவில் ஒரு குடும்பம் வேலைக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று என்று இரண்டு வண்டி வைத்துக்கொள்வது கனவு.

இன்று நகரத்து இளைஞர்கள் வார இறுதியில் சேற்றில் இறக்கி விளையாடுவதற்காகத் தேடித் தேடி வாங்குகிற பழைய ஜீப்பின் பூர்வீகம், இப்படி ஒரே வண்டியில் எல்லா வேலையும் பார்த்தாக வேண்டிய ஊர்களில்தான் இருக்கிறது.

ஜீப் பிறந்தது என்னவோ போருக்காக. 1940-இல் அமெரிக்க ராணுவம், நான்கு சக்கரமும் இழுக்கிற சிறிய உளவு வண்டி ஒன்று வேண்டும் என்று அறிவித்தது. பாண்டம் என்ற சின்ன கம்பெனி 49 நாட்களில் மாதிரி வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தியது. ஆனால் பெருமளவில் செய்து தரும் வாய்ப்பு வில்லிஸுக்கும் ஃபோர்டுக்கும் போயிற்று. போர் முடிவதற்குள் இரண்டும் சேர்ந்து ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகளை உருட்டிவிட்டிருந்தன. 60 குதிரைத்திறன் பெட்ரோல் இன்ஜின், முன்னும் பின்னும் இறுகிய ஆக்சில், பட்டை ஸ்பிரிங், மேலே ஒரு தார்ப்பாய். அவ்வளவுதான் வண்டி. கழற்றுவதற்கு நான்கு ஸ்பானர் போதும் என்பதால் போர்முனையில் பிழைத்தது. அதே காரணத்தால்தான் போருக்குப் பிறகும் பிழைத்தது.

சண்டை ஓய்ந்ததும் உலகமெங்கும் ஜீப்புகள் மலிந்தன. இங்கிலாந்தில் ரோவர் கம்பெனியின் தலைமைப் பொறியாளர் மாரிஸ் வில்க்ஸ், ஆங்கிள்சி தீவிலிருந்த தன் பண்ணைக்கு ராணுவம் கழித்துக்கட்டிய வில்லிஸ் ஒன்றை வைத்து ஓட்டிக்கொண்டிருந்தார். உழவுக்கும் சுமைக்கும் சவாரிக்கும் அதுவே. அது தேய்ந்துபோனால் அடுத்து எதை வாங்குவது என்ற கேள்விக்குப் பதிலாகப் பிறந்ததுதான் லேண்ட் ரோவர். முதல் மாதிரி வண்டியே ஜீப்பின் சேசிஸ் மேல் கட்டப்பட்டது. 1948 ஏப்ரலில் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் அது வெளியுலகைப் பார்த்தது. உலகப் புகழ்பெற்ற ஒரு வண்டி வம்சத்துக்கு மூத்தவர் தீவுப் பண்ணையில் தினப்படி ஓடிய பழைய ஜீப் என்றால் பாராடாங்காரர்கள் ஆச்சரியப்பட மாட்டார்கள்.

பர்மா போர்முனைக்காக வந்த வண்டிகளால் இந்தியாவுக்கும் ஜீப் பழகியிருந்தது. ராணுவம் வேண்டாமென்று கழித்தவை ஏலத்துக்கு வந்தன. ‘மிலிட்டரி டிஸ்போசல்’ என்ற சொல் தமிழ்நாட்டுப் பட்டறைகளில் நிலைத்தது அப்படித்தான். டிஸ்போசல் வண்டி என்றால் இரும்பு கெட்டி, ஓட்டம் குறைவு என்று ஒரு நம்பிக்கை. அது சில சமயம் உண்மை, பல சமயம் புரோக்கரின் வாய்ஜாலம்.

பழைய ஜீப் வாங்கிச் சூடுபட்டவர்களில் இந்திய அரசும் உண்டு. 1948-இல் லண்டனில் இந்தியாவின் ஹை கமிஷனராக இருந்த வி.கே. கிருஷ்ண மேனன், வழக்கமான நடைமுறைகளைத் தாண்டி ராணுவத்துக்கு ஜீப் வாங்க ஒரு வெளிநாட்டு நிறுவனத்தோடு சுமார் 80 லட்சம் ரூபாய்க்கு ஒப்பந்தம் போட்டார். பணத்தில் பெரும்பகுதி முன்கூட்டியே போய்விட்டது. வந்து இறங்கியவை 155. அவையும் செப்பனிடப்பட்ட பழைய வண்டிகள். பயன்படாது என்று புகார் கிளம்பியது. அனந்தசயனம் அய்யங்கார் தலைமையிலான குழு விசாரித்தது. கடைசியில் 1955-இல் உள்துறை அமைச்சர் கோவிந்த வல்லப பந்த் விவகாரம் முடிந்துவிட்டதாக அறிவித்தார். சுதந்திர இந்தியாவின் முதல் பெரிய கொள்முதல் சர்ச்சை, வண்டியை நேரில் பார்க்காமல் பணம் கட்டினால் என்ன ஆகும் என்பதைப் பற்றியதாக அமைந்துவிட்டது.

அதே காலத்தில் ஜீப்பை உள்நாட்டிலேயே பூட்டும் வேலையும் தொடங்கியிருந்தது. 1945-இல் லூதியானாவில் ‘மஹிந்திரா அண்ட் முகமது’ என்று ஒரு கம்பெனி பதிவானது. பங்காளிகளில் ஒருவரான மாலிக் குலாம் முகமது, பிரிவினைக்குப் பின் பாகிஸ்தானின் முதல் நிதியமைச்சராகப் போய்விட்டார். 1948-இல் கம்பெனியின் பெயர் ‘மஹிந்திரா அண்ட் மஹிந்திரா’ ஆயிற்று. வில்லிஸின் பாகங்களைக் கப்பலில் வரவழைத்து பம்பாயில் பூட்டிக்கொண்டிருந்தவர்கள், நாளடைவில் முழு வண்டியையும் இங்கேயே செய்யத் தொடங்கினார்கள். தாசில்தார், வனத்துறை ரேஞ்சர், போலீஸ் இன்ஸ்பெக்டர், தேர்தல் நேரத்து வேட்பாளர் என்று அதிகாரத்தின் அடையாளமாகவே ஜீப் ஊருக்குள் நுழைந்தது. ‘ஜீப்பு வருது’ என்று பிள்ளைகள் கத்தினால், அரசாங்கம் வருகிறது என்று பொருள்.

அரசாங்கத்துக்கு அலுத்த வண்டிதான் குடியானவர் கைக்கு வந்தது. பத்து, பதினைந்து வருடம் ஓடிய ஜீப்பைத் துறை ஏலம் விடும். டவுன் மெக்கானிக் ஒருவர் எடுப்பார். பெட்ரோல் கட்டுப்படியாகாது என்று டீசல் இன்ஜினை இறக்குவார். டிங்கரிங் பார்த்து, பெயின்ட் அடித்து, பின்பக்கம் எதிரெதிராக இரண்டு பெஞ்சு போட்டு விற்பார். அரசாங்கத்தின் ஜீப் சாகும் இடத்தில் ஊரின் ஜீப் பிறக்கும்.

இதை மிக நன்றாகப் பார்க்க வேண்டுமானால் தேனி மாவட்டத்துக்குப் போக வேண்டும். கீழே போடி, தேவாரம், கம்பம். மேலே, கேரள எல்லைக்குள், உடும்பன்சோலை, சாந்தன்பாறை, வண்டன்மேடு ஏலத்தோட்டங்கள். வேலை மேலே, வீடு கீழே. நடுவில் மலை. போடியிலிருந்து போடிமெட்டுக்கு ஏறும் பாதையில் மட்டும் 17 கொண்டை ஊசி வளைவுகள். பஸ் மெட்டு வரை போகும். அங்கிருந்து தோட்டத்துக்குள் மண்பாதையில் போக ஜீப் வேண்டும். வழியில் ஆளை மாற்றி ஏற்றுவானேன் என்று வீட்டு வாசலிலிருந்தே ஜீப் கிளம்பத் தொடங்கியது.

இருட்டு பிரியாத நேரத்தில் தெருமுனையில் ஹாரன் கேட்கும். சேலைக்கு மேல் ஆண்கள் சட்டை போட்டு, தலையில் துண்டு கட்டி, தூக்குவாளியோடு பெண்கள் ஓடி வருவார்கள். “அக்கா, கொஞ்சம் உள்ளே தள்ளி உக்காருங்க” என்றே ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஆள் ஏறும். எட்டுப் பேர் உட்காரும் இடத்தில் பதினைந்துக்கும் மேல் அடைவார்கள். மழை பெய்த மறுநாள் தோட்டத்துப் பாதையில் டிரைவர் ‘ஃபோர் வீல்’ போட்டு, ‘லோ’வில் தட்டுவார். வண்டி முனகிக்கொண்டு ஏறும். காய் எடுப்பு முடிந்து மாலை திரும்பினால், அதே வண்டியில் ராத்திரி ஒரு கல்யாண நடை இருக்கும். அளவுக்கு மீறி ஏற்றியதால் நேர்ந்த விபத்துகள் இந்தப் பாதைகளில் பல. சோதனைகள் வரும், போகும். கூலி மேலே இருக்கிறவரை ஜீப்பும் போய்க்கொண்டிருக்கிறது.

அந்தப் பாதைகளுக்கு ஏற்றபடியே வண்டியின் இதயமும் மாறியது. மஹிந்திரா தன் டிராக்டரின் டீசல் இன்ஜினை ஜீப்பில் வைத்துப் பார்த்தது. சத்தம் காதைக் கிழித்தாலும், டிராக்டருக்குச் சாமான் கிடைக்கிற ஊரிலெல்லாம் ஜீப்புக்கும் கிடைத்தது. 1985-இல் பெஜோவின் டீசல் இன்ஜினோடு ‘எம்.எம். 540’ வந்தது. ‘ஃபைவ் ஃபார்ட்டி’ என்று செல்லமாகக் கூப்பிட்டார்கள். பிறகு நீளமான கமாண்டர். மலையடிவாரத்து ஷேர் ஜீப் என்றாலே கமாண்டர் என்று ஆகிப்போனது.

அதே 1985-இன் கடைசியில் மாருதி ஜிப்ஸியை இறக்கியது. ஒரு லிட்டருக்கும் சற்றுக் குறைந்த பெட்ரோல் இன்ஜின், ஒரு டன்னுக்கும் குறைந்த எடை. சேற்றில் ஜீப் புதைகிற இடத்தில் ஜிப்ஸி குதித்துப் போய்விடும். ராணுவமும் போலீஸும் வாரி எடுத்தன. ஜபல்பூர் வாகனத் தொழிற்சாலை நிஸானின் உரிமம் பெற்று 1969 முதல் ராணுவத்துக்குச் செய்த ஜோங்கா இன்னொரு சாதி. நாலு லிட்டருக்குக் கொஞ்சம் குறைந்த ஆறு சிலிண்டர் இன்ஜின். பெட்ரோலைக் குடிக்காது, விழுங்கும். ஏலத்தில் ஜோங்காவை எடுத்தவர்கள் ஆசைக்கு எடுத்தார்கள், ஜிப்ஸியை எடுத்தவர்கள் தேவைக்கு எடுத்தார்கள். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் எஸ்டேட் கணக்கர் ஆபீசுக்கு ஓட்டிப்போகவும், மனைவி மார்க்கெட்டுக்குப் போகவும் தோதாக இருந்தது ஜிப்ஸி.

சட்டம் மெல்ல நெருங்கியது. 2019 ஜனவரி 9 அன்று உச்ச நீதிமன்றம், கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில், தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை உரிமையாளர் இஷ்டத்துக்கு மாற்றக்கூடாது என்று தீர்ப்பளித்தது. பாடியை நீட்டுவதும் குறுக்குவதும் பிழைப்பாக இருந்த பட்டறைகளுக்கு அது பெரிய இடி. 2022 ஏப்ரல் முதல், 15 ஆண்டு தாண்டிய காருக்கு மறுபதிவுக் கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது. அடுத்த ஆண்டு ஏப்ரல் 1 முதல், 15 ஆண்டைத் தாண்டிய அரசு வண்டிகளின் பதிவே செல்லாது. நாட்டுப் பாதுகாப்புக்கும் சட்டம் ஒழுங்குக்கும் உள்நாட்டுப் பாதுகாப்புக்குமான சிறப்பு வகை வண்டிகளுக்கு மட்டும் விலக்கு. மற்றவை பதிவுபெற்ற உடைப்பு நிலையத்துக்குப் போக வேண்டும். தாசில்தார் ஆபீஸ் மரத்தடியில் துருப்பிடித்து நின்று, ஏலத்துக்கு வந்து, மலையேறிய ஜீப்புகளின் ஊற்றுக்கண் அன்றோடு அடைபட்டது.

மறுபக்கம் 2010-இல் மஹிந்திராவின் தார் வந்தது. 2020-இல் அதன் புது அவதாரம் ஏ.சி., ஆட்டோமேட்டிக் கியரோடு வந்து, ஐ.டி. கம்பெனி வாசலிலும் நின்றது. இப்போது பழைய வண்டிச் சந்தையில் ஒரு வேடிக்கை. சாலை நல்லாயிருக்கிற ஊர்க்காரர்தான் வில்லிஸுக்கும் பழைய 540-க்கும் வாரிக் கொடுக்கிறார். சாலை மோசமான ஊர்க்காரர் அந்த விலைக்கு வாங்க முடியாமல் பொலேரோவுக்கு மாறுகிறார். பழைய வண்டி இன்னும் கூலி வேலை பார்க்கிற இடங்களும் உண்டு. தேனி மாவட்ட எல்லைக்குள் இருந்தாலும் கேரளத்துச் சூரியநெல்லி வழியாக மட்டுமே வண்டி ஏறக்கூடிய கொழுக்குமலைக்கு இன்றும் ஜீப்தான். டார்ஜிலிங் பக்கம் மானேபஞ்சாங்கிலிருந்து சந்தக்பூவுக்கு 1950-களின் லேண்ட் ரோவர்கள் இன்னும் ஏறுகின்றன.

அந்தமானின் கணக்கு வேறு. அங்கே வண்டிக்கு எதிரி மேடல்ல, உப்பு. ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை, சுற்றிலும் கடல். நிலப்பரப்பிலிருந்து பழைய வண்டியைக் கொண்டுபோவதென்றால் பழைய ஆர்.டி.ஓ.விடம் தடையில்லாச் சான்று, கப்பல் கூலி, அங்கே புதுப் பதிவு என்று செலவு அடுக்கும். அதனால் தீவுக்குள்ளேயே கைமாறுகிற வண்டிக்குத்தான் கிராக்கி. காட்டு மரத்தை யானை இழுத்த காலம் போய், பல பத்தாண்டுகள் இழுபறியாகப் போட்ட, ஜிர்காடாங் வழியே வடக்கே போகிற அந்தமான் டிரங்க் ரோடு 1980-களின் இறுதியில்தான் முழுமையடைந்தது. ஜராவாக்களின் காட்டை ஊடுருவும் பகுதிகளை மூடச் சொல்லி 2002 மே மாதம் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டும் போக்குவரத்து ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. வடக்கே ஹம்ஃப்ரி நீரிணையின் மேல் இப்போது பாலம். முன்பு காந்தி காட் படகுத்துறையில் படகுக்குக் காத்துக் கிடந்த வண்டிகள் ஒன்றரைக் கிலோமீட்டர் பாலத்தில் நிற்காமல் கடந்து கதம்தலா போகின்றன.

தீவில் பழைய ஜீப் பார்க்க வருகிறவர் முதலில் இன்ஜினைத் திறக்கச் சொல்வதில்லை. செருப்பைக் கழற்றிப் போட்டு, கீழே சாக்கை விரித்து மல்லாந்து படுப்பார். கையில் ஒரு ஸ்க்ரூ டிரைவர். சேசிஸின் நீளத்துக்கு அங்கங்கே குத்திக்கொண்டே போவார். ‘டங்’ என்று ஒலித்தால் இரும்பு, ‘சொத்’ என்று இறங்கினால் துரு. விற்கிறவர் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, “அண்ணே, பின்னாடி குத்தாதீங்க, அங்க போன மழையிலதான் பேட்ச் அடிச்சேன்” என்பார். கீழேயிருந்து பதில் வராது. செதில் செதிலாக உதிர்ந்த துருவைச் சட்டையிலிருந்து தட்டிக்கொண்டு எழுந்த பிறகுதான் விலைப் பேச்சு.