சுடுகாட்டிலிருந்து திரும்பிய குமார்

போச்சம்பள்ளி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில், பேர் கேட்டால் விழிக்கிற ஓர் ஆள் நின்றால் என்ன செய்வோம்? சிப்காட் வேலைக்கு வந்த வடநாட்டுப் பையன், குடித்திருப்பான் என்று ஒதுங்கிப் போவோம். எனக்கு டாக்கா சாமியார்தான் ஞாபகத்துக்கு வருவார்.

1921 தொடக்கம். புரிகங்கா ஆற்றங்கரையில் சடைமுடியும் சாம்பல் பூசிய உடம்புமாக அவர் உட்கார்ந்திருந்தார். பேச்சு இந்தி. பார்த்தவர்கள் கிசுகிசுத்தார்கள்: “பாவால் ஜமீனின் மேஜோ குமார் மாதிரி இல்லை?”

மேஜோ குமார் என்றால் இரண்டாவது இளவரசர். பெயர் ரமேந்திர நாராயண் ராய். 1909 மே மாதம் டார்ஜிலிங்கில் இறந்துவிட்டதாகக் காரியமெல்லாம் முடிந்து 12 வருஷம் ஆகியிருந்தது. சாமியார் பிறகு சொன்ன கதை வேறு. சுடுகாட்டில் பெருமழை, தூக்கி வந்தவர்கள் ஒதுங்கிய நேரத்தில் நாகா சாதுக்கள் தன்னை எடுத்துப்போனார்கள். கண் விழித்தபோது தான் யாரென்றே தெரியவில்லை. வருஷக்கணக்கில் அவர்களோடு அலைந்த பிறகுதான் ஊர் டாக்கா என்பது நினைவுக்கு வந்தது.

இப்படியும் மறக்குமா? மறக்கும். தாங்க முடியாத மன நெருக்கடியில் பேர், ஊர், உறவு எல்லாம் விட்டுப்போக, கால் போன போக்கில் கிளம்பிவிடுவதை மருத்துவர்கள் ‘டிஸோசியேட்டிவ் ஃப்யூக்’ என்கிறார்கள். மிக அரிது. நடை, பேச்சு, கைத்தொழில் எதுவும் போகாது. அமெரிக்கப் போதகர் ஆன்சல் போர்ன் 1887-ல் வேறு பெயரில், வேறு ஊரில் கடையே நடத்தினார். இரண்டு மாதம் கழித்து ஒரு காலை, ‘நான் எங்கே இருக்கிறேன்?’ என்று திடுக்கிட்டு எழுந்தார். ஆனால் பெரும்பாலும் இது நாள்கணக்கிலோ வாரக்கணக்கிலோ தீர்ந்துவிடும். 12 வருஷம் என்பதுதான் எனக்கு இடிக்கிறது.

குமாரின் அக்கா ஜோதிர்மயி தேவி சாமியாரின் காலைப் பார்த்தார். குமாருக்கு இருந்த அதே செதில் படிந்த தோல். “என் தம்பிதான்” என்றார். மனைவி விபாவதி கடைசிவரை ஏற்கவில்லை. 1930-ல் வழக்கு. ஆயிரத்துக்கும் மேற்பட்ட சாட்சிகள். மறதி பற்றி மனநல மருத்துவர்களும் கூண்டேறினார்கள். நீதிபதி பன்னாலால் பாசு 1936 ஆகஸ்ட் 24 அன்று இவரே குமார் என்று தீர்ப்பளித்தார். லண்டன் பிரிவி கவுன்சில் 1946 ஜூலை 30 அன்று அதை உறுதி செய்தது. சில நாள்களிலேயே அவர் இறந்துபோனார்.

அவரைத் தேட ஓர் அக்கா இருந்தார். சந்தையில் நிற்பவருக்கு? மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 இதற்கு வழி சொல்கிறது. மனநலம் பாதித்து அலைபவரை லாக்கப்பில் அடைக்கக் கூடாது. 24 மணி நேரத்துக்குள் பரிசோதனைக்காக அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். வீடு வாசல் தெரியாதவர் என்றால், காணாமல்போனவர் என்று எஃப்.ஐ.ஆர். போட்டுக் குடும்பத்தைத் தேடுவதும் போலீஸ் ஸ்டேஷன் அதிகாரியின் கடமை.